வைகைக் கரையில் நம் ஊர்ப் பெயர்

(பாலவனத்தத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கண்மாயையும் ஊருணியையும் நம்பி வாழும் ஊரில் நின்றுகொண்டு ஓர் ஆற்றங்கரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நமக்கு ஆறு என்றால் கிழக்கே திருச்சுழிக்குப் போய்க் குண்டாற்றைப் பார்க்க வேண்டும். அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாக இறங்கினால்தான் தண்ணீர். அப்படிப்பட்ட இந்தக் கரிசல் காட்டுக்கும் மதுரையில் வைகையின் தென்கரைக்கும் ஓர் உரிமை உறவு இருக்கிறது. அந்த உறவை நம்மில் பலர் மறந்துவிட்டோம். இளம்பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவே இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் இன்றைக்கு என் ஆசை.

சிம்மக்கல், யானைக்கல், வடக்கு வெளி வீதி, தமிழ்ச் சங்கம் சாலை. இந்தப் பெயர்களெல்லாம் உங்களுக்குப் பழக்கமானவை. ஆஸ்பத்திரிக்கும், ஜவுளி எடுக்கவும், கல்யாணம் காட்சிக்கும் மதுரைக்குப் போகும்போது மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ் பிடித்து அந்த வழியாகத்தான் போகிறோம். ஜன்னல் வழியே பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த இடத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு நாள் ஒதுக்கிப் போனவர்கள் இங்கே எத்தனை பேர்? கையைத் தூக்கச் சொல்லவில்லை. நீங்களே மனதுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் ஆற்றங்கரையைச் சொல்கிறேன். வெளிநாடு போய்வந்தவர்கள் காட்டும் படங்களில் பாரிஸ் நகரத்துச் சேன் ஆற்றங்கரை தவறாமல் இருக்கும். அந்த ஆற்றின் இடதுகரைதான் அறிவாளிகளின் கரை. 13-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே சொர்போன் என்ற கல்விச்சாலை எழுந்தது. ஆற்றோரக் கைப்பிடிச் சுவரின்மேல் பச்சைப் பெட்டிகளை வைத்துப் பழைய புத்தகம் விற்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிற வியாபாரம் அது. அதே கரையில் ஆற்றைப் பார்த்தபடி குவிமாடம் வைத்த ஒரு மாளிகை இருக்கிறது. பிரெஞ்சு மொழிக் கழகம் 1805 முதல் அங்கேதான் கூடுகிறது. கழகம் அதைவிடப் பழையது. 1635-இல், 13-ஆம் லூயி மன்னரின் அமைச்சர் ரிஷ்லியே நிறுவியது. உறுப்பினர் 40 பேர். மொழிக்கு ஓர் அகராதி செய்வது அவர்கள் வேலை. முதல் பதிப்பு 1694-இல் வந்தது. ஒன்பதாம் பதிப்பை 2024-இல்தான் முடித்தார்கள். சேன் கரையை 1991-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உலகம் முழுவதும் இருந்து ஜனங்கள் பணம் செலவழித்துப் போய் அந்தக் கரையில் நடக்கிறார்கள். நடக்கட்டும், அந்தக் கரைக்கு அந்தத் தகுதி உண்டு.

அந்த இடதுகரையில் தமிழும் ஒலித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காரைக்காலில் வளர்ந்த ஜூலியன் வின்சோன் என்ற பிரெஞ்சுக்காரர், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கேயிருந்த கீழை மொழிகள் பள்ளியில் தமிழ் கற்றுக்கொடுத்தார். சீவக சிந்தாமணிப் பதிப்பைப் பார்த்துவிட்டு உ.வே.சாமிநாதையருக்குப் பாரிசிலிருந்து தமிழிலேயே கடிதம் எழுதியவர் அவர். பாரிஸ் தேசிய நூலகத்தில் தமிழ் ஏடுகள் இருக்கும் செய்தியும் அவர் வழியாக ஐயருக்குத் தெரிந்தது. நம் ஏடு அந்த ஊருக்குப் போய் பத்திரமாக இருந்த காலத்தில், நம் பாண்டியன் தலைநகரத்தில் தமிழ்ப் புத்தகத்தின் கதி என்னவாக இருந்தது? அதற்கு வருகிறேன்.

முதலில் அந்த வைகைக் கரைக்குப் போவோம். கோரிப்பாளையத்தில் தர்காவைத் தாண்டியதும் ஏ.வி. பாலம் வரும். இளவரசர் ஆல்பர்ட் விக்டரின் பெயரில் 1889-இல் கட்டி முடித்த பாலம் அது. 130 ஆண்டுகளுக்கு மேலாக, அதைக் கட்டியவர்கள் போன பிறகும், பாரம் தாங்கிக்கொண்டு நிற்கிறது. பாலத்தின் நடுவே நின்று கிழக்கே பாருங்கள். ஆற்றுக்குள் மைய மண்டபம் தெரியும். தாழ்வாக, வெள்ளம் வந்தால் மூழ்கிப்போகும் கல்பாலம் தெரியும். சித்திரைப் பௌர்ணமியன்று கள்ளழகர் தங்கக் குதிரையில் இறங்குவது இந்தப் பகுதியில்தான். நம் ஊரிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சும் நேர்த்திக்கடனோடு போய் நின்றவர்கள் உண்டு. ஆக இந்த ஆற்றுமணல் நம் காலுக்குப் புதிதில்லை.

பாலம் இறங்கினால் தென்கரை. யானைக்கல். வாழைக்காய் மண்டிகளில் தார் தாராக இறக்கி, ஏலக்குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். கொஞ்சம் மேற்கே நடந்தால் சிம்மக்கல். அதையொட்டிப் பழைய சொக்கநாதர் கோயில். ஆற்றுப் பக்கம் திரும்பும் சந்துகளின் பெயரைக் கவனியுங்கள்: பேச்சியம்மன் படித்துறை, திருமலைராயர் படித்துறை, ஓபுளா படித்துறை. ஒரு காலத்தில் இந்த ஊர் ஆற்றை நோக்கி வாசல் வைத்து வாழ்ந்தது என்பதற்கு இவைதான் சாட்சி. குளிக்கவும், தண்ணீர் எடுக்கவும், காரியம் செய்யவும், திருவிழாப் பார்க்கவும் படி இறங்கிப் போயிருக்கிறார்கள்.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வையை ஆற்றைக் கடக்கும் இடம் உங்களுக்கு நினைவிருக்கும். கூட்டம் இறங்கும் பெருந்துறையை விட்டு விலகி, மரப்புணையில் ஏறி, தென்கரை சேர்கிறார்கள். கோட்டைக்கு வெளியே அறவோர் வாழும் புறஞ்சேரியில் தங்குகிறார்கள். ஆற்றுக்கும் கோட்டைக்கும் நடுவே ஒரு குடியிருப்பு. பழைய மதுரை எங்கே இருந்தது என்ற ஆராய்ச்சி ஒரு பக்கம் நடக்கட்டும். நாயக்கர் காலத்து மதுரையில் அந்த நிலவமைப்பு அப்படியேதான் இருந்தது. வடக்கே ஆறு, தெற்கே கோட்டைச் சுவரும் அகழியும், நடுவில் இந்தப் பகுதி. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடிக்கச் செய்து அகழியைத் தூர்த்தார். வேலையை நடத்தியவர்களின் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. வெளி வீதிகள் அந்தக் கோட்டை வரம்பில் எழுந்தவை. ஊருக்கு வெளியே கிடந்த ஆற்றோரம் அதன் பிறகு ஊரோடு ஒட்டிக்கொண்டது. புதிதாக ஏதாவது கட்ட வேண்டுமென்றால் இடம் கிடைக்கும் பகுதி அது. பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், சங்கம், நூலகம் எல்லாம் அந்தப் பக்கம் வந்ததில் ஆச்சரியமில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

1867-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் தேதி ஒரு பிள்ளை பிறந்தது. இட்ட பெயர் உக்கிரபாண்டியன். தந்தை பொன்னுசாமித் தேவர், இராமநாதபுரம் சேதுபதியின் அண்ணன், சமஸ்தானத்தை நிர்வகித்தவர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தமிழ் நூல்களைச் சுத்தமாகப் பதிப்பிக்க இவர் பொருள் கொடுத்துத் துணை நின்றார். திருக்குறள் பரிமேலழகர் உரைப் பதிப்புக்கும் அந்த உதவி உண்டு. அந்த வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, வயது வந்ததும் பாலவனத்தம் ஜமீன் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. அவர்தான் பாண்டித்துரைத் தேவர்.

அன்றைக்கு அச்சான தமிழ் நூல்களின் முகப்பை யாராவது எடுத்துப் பாருங்கள். பொ. பாண்டித்துரைத் தேவர் என்ற பெயருக்கு முன்னால் பாலவநத்தம் ஜமீந்தார் என்று, அன்றைய எழுத்தில், நம் ஊர்ப் பெயர் அச்சாகியிருக்கும். நம் ஊர்ப் பெயரை நான் அப்படிப் பழைய மங்கிய தாளில் படித்தபோது கண் கலங்கிவிட்டது. ஒரு ரயில் நிலையத்துப் பலகையிலோ சினிமாவிலோ அந்தப் பெயர் வந்திருந்தால் நாம் ஊரெல்லாம் சொல்லியிருப்போம். தமிழ் வரலாற்றின் முகப்பில் வந்திருக்கிறது, தெரியாமல் இருக்கிறோம்.

அவர் மதுரைக்கு ஒரு சொற்பொழிவுக்காகப் போயிருந்தபோது கம்பராமாயணமும் திருக்குறளும் வேண்டும் என்று கேட்டாராம். தேடியும் கிடைக்கவில்லை. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்ததாகச் சொல்லும் ஊரில் குறள் புத்தகம் இல்லை என்பது அவரைத் தூங்கவிடவில்லை என்று சொல்வார்கள். இன்னொரு செய்தியும் வழக்கில் உண்டு. ஓர் ஆங்கிலேயர் தமக்குத் தோன்றியபடி குறளைத் திருத்தி அச்சிட்டிருந்தார். அந்தப் பிரதிகள் அத்தனையையும் தேவர் விலை கொடுத்து வாங்கி, வேறு யார் கையிலும் சேராதபடி எரித்துவிட்டார் என்பார்கள். புத்தகத்தை எரிப்பது எனக்கு உடன்பாடானதில்லை. ஆனால் பிழைபட்ட பாடம் ஒன்று பிள்ளைகள் கையில் போய்ச் சேரக்கூடாது என்ற அந்தத் துடிப்பு எனக்குப் புரிகிறது.

துடிப்போடு அவர் நிற்கவில்லை. 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் நான்காம் தமிழ்ச் சங்கம் தொடங்கியது. தலைவர் பாண்டித்துரைத் தேவர். தோள் கொடுத்தவர் அவருடைய உறவினரான பாஸ்கர சேதுபதி மன்னர், 1893-இல் விவேகானந்தர் சிகாகோ போகத் துணைநின்ற அதே மன்னர். உ.வே.சா., பரிதிமாற் கலைஞர், ரா. இராகவையங்கார், மு. இராகவையங்கார், அரசஞ்சண்முகனார் என்று அந்தக் காலத்துத் தமிழறிஞர் பலர் சங்கத்தோடு கூடி நின்றார்கள்.

சங்கம் என்றால் ஆண்டுக்கு ஒரு விழா எடுத்து, மாலை போட்டு, போட்டோ பிடித்துக்கொள்ளும் அமைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் வைத்த திட்டத்தைக் கேளுங்கள். தமிழ் படிப்பதற்குச் சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை. படிக்கப் புத்தகம் வேண்டுமே, அதற்குப் பாண்டியன் புத்தகசாலை. தேவர் தாம் சேர்த்து வைத்திருந்த நூல்களையே அதற்குக் கொடுத்தார். எழுதியதை வெளியிடச் சொந்த அச்சுக்கூடம். ஆராய்ச்சிக்கு 'செந்தமிழ்' என்ற மாத இதழ். முதல் ஆசிரியர் ரா. இராகவையங்கார், அவருக்குப் பின் மு. இராகவையங்கார். ஏட்டில் கிடந்த சிறுநூல்கள் பல அந்த இதழ் வழியாகத்தான் முதன்முதலில் அச்சேறின. 'வேளிர் வரலாறு' போன்ற ஆராய்ச்சிகள் அந்தக் கூட்டத்தில்தான் விளைந்தன. பிறகு தேர்வுகள்: பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம். பல்கலைக்கழகங்கள் தமிழுக்கென்று பட்டம் கொடுக்கத் தொடங்குவதற்கு முன்பே, ஆற்றங்கரையில் இருந்த ஒரு சங்கம் பாடத்திட்டம் போட்டு, தேர்வு நடத்தி, பண்டிதர் பட்டம் கொடுத்தது. அந்தப் பட்டத்தோடு எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் ஊர் ஊராகத் தமிழாசிரியர் ஆனார்கள். உங்கள் தாத்தாவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த பண்டிதர் யாரிடம் படித்தார் என்று விசாரித்தால், நூல் பிடித்தாற்போல அது வைகைக் கரையில் போய் நிற்க வாய்ப்பு அதிகம்.

ஒரே ஒரு புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். 'அபிதான சிந்தாமணி'. தமிழில் எழுந்த முதல் பெரிய கலைக்களஞ்சியம். எழுதியவர் ஆ. சிங்காரவேலு முதலியார், சென்னைப் பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியர். குழு கிடையாது, உதவியாளர் பட்டாளம் கிடையாது. தனி ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் குறிப்பெடுத்து, அகர வரிசையில் அடுக்கி வைத்திருந்தார். முனிவர், அரசர், புலவர், ஆறு, மலை, மூலிகை, இரத்தினம், சாத்திரம், சாதி வழக்கம், தலபுராணம் என்று அதில் இல்லாதது குறைவு. ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒரு முனிவரின் சாபக் கதை இருக்கும். அதே பக்கத்தில் சற்றுக் கீழே ஒரு செடியின் குணம் இருக்கும். படிக்கிறவர் எதையோ தேடிப் போய் வேறெதையோ கற்றுக்கொண்டு வருவார். இத்தனை பெரிய கையெழுத்துப் பிரதியை அச்சிட யார் முன்வருவார்கள்? அவர் பலரிடம் கேட்டுப் பார்த்தார். கையை விரித்தவர்களே அதிகம். கடைசியில் கை கொடுத்தவர் நம் ஜமீன்தார். 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பதிப்பாக அது வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். அடுத்த ஆண்டு, 1911 டிசம்பர் 2-ஆம் தேதி, பாண்டித்துரைத் தேவர் காலமானார். வயது 44.

பாரிசைப் பற்றி முன்பு சொன்னதை இங்கே நினைத்துப் பாருங்கள். அங்கே அரசாங்கமே மொழிக்காகக் கழகம் வைத்தது. கழகம் தொடங்கி அகராதி வர 59 ஆண்டுகள் ஆயின. இங்கே அந்நியன் ஆண்டுகொண்டிருந்தான். அரசாங்கத்து ஆதரவும் வரிப்பணமும் கிடையாது. சங்கம் தொடங்கிய ஒன்பதாம் ஆண்டில் கலைக்களஞ்சியம் அச்சாகி வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்களைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம் பெரியவர்களின் வேகம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அதே பாண்டித்துரைத் தேவர்தான் 1906-இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அதற்கும் தலைவராக நின்றார். அந்த வரலாறு தனியாக ஒரு மாலைக்கு உரியது.

இனி நான் சொல்லப் போவதுதான் இன்றைய பேச்சின் உயிர். தேவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஜமீன் என்றால் தீர்வை. தீர்வை என்றால் யார் கட்டியது? கரிசலில் பருத்தி போட்டு, கம்பும் சோளமும் குதிரைவாலியும் விதைத்து, மழை பொய்த்த வருஷத்திலும் பொய்க்காத வருஷத்திலும் கட்டியவர்கள் நம் பாட்டனும் பூட்டனும். ஜமீன் ஆட்சியில் குடியானவன் பட்ட கஷ்டத்தை நான் மறைத்துப் பேச மாட்டேன். தீர்வை பாக்கிக்காக நிலம் இழந்த குடும்பங்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. பல ஜமீன்களில் அந்தப் பணம் எப்படியெப்படியோ கரைந்து போனது. பாலவனத்தத்துத் தீர்வையில் ஒரு பங்கு மட்டும் புத்தகமாகவும் பள்ளிக்கூடமாகவும் அச்சுக்கூடமாகவும் வைகைக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆற்றையே பார்க்காமல் செத்துப்போன சம்சாரி ஒருவன், கண்மாய்த் தண்ணீரில் விளைய வைத்த காசில், ஆற்றங்கரையில் தமிழுக்கு ஒரு வீடு எழுந்திருக்கிறது. அந்த வீட்டில் அவனுக்கும் பங்கு உண்டு. அவன் பேரப்பிள்ளைகள் நீங்கள். தமிழ்ச் சங்கம் சாலையில் நீங்கள் நடக்கும்போது வேடிக்கை பார்க்கப் போன வெளியூர்க்காரர்களைப் போல ஒதுங்கி நடக்க வேண்டாம். பங்காளி வீட்டுக்குப் போவதுபோல நிமிர்ந்து போங்கள்.

வறண்ட சீமையிலிருந்து அந்தக் கரைக்குப் போனவர் தேவர் மட்டும் இல்லை. அதே சேதுபதிப் பள்ளியில் 1904 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை ஒரு தமிழாசிரியர் வேலை பார்த்தார். அரசஞ்சண்முகனார் விடுப்பில் போனதால் கிடைத்த தற்காலிக வேலை. அந்த ஆசிரியர் எட்டயபுரம் சுப்பிரமணிய பாரதி. வயது 21. அவருடைய முதல் அச்சான கவிதை 'தனிமை இரக்கம்' அதே 1904-இல் மதுரையின் 'விவேகபாநு' இதழில்தான் வந்தது. பள்ளி இன்றும் வடக்கு வெளி வீதியில் நடக்கிறது. நம் திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன் என்ற பையனும் மதுரைக்குப் படிக்கப் போனவன்தான். விளையாட்டுத் தோழர்களோடு வைகை மணலுக்குப் போய்வந்த அந்தப் பையன் 1896-இல் அருணாசலம் போய் ரமண மகரிஷி ஆனார். எட்டயபுரம், திருச்சுழி, பாலவனத்தம் மூன்றுமே வானம் பார்த்த பூமி. இந்த மூன்று ஊரும் இல்லாமல் மதுரையின் நவீன வரலாற்றை எழுத முடியாது என்பது என் முடிவு.

சிம்மக்கல்லிலிருந்து ஆற்றோரமாகவே மேற்கே போனால் ஆரப்பாளையத்துப் பக்கம் புட்டுத்தோப்பு. ஆவணி மூலத் திருவிழாவில் சொக்கநாதரும் மீனாட்சியும் அங்கே எழுந்தருளுவார்கள். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் வருவார்கள். வந்திக் கிழவியின் கதை பிள்ளைகளுக்கும் தெரியும். வைகை கரையை உடைக்கிறது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் போட வேண்டும் என்று அரசன் உத்தரவு. ஆள் இல்லாத கிழவிக்குக் கூலியாளாக இறைவனே வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்றுவிட்டு, அரசன் பிரம்பால் அடி வாங்குகிறார். பக்தியை ஒரு நிமிஷம் தள்ளி வைத்துவிட்டுக் கேளுங்கள். அந்தக் கதை எதைப் பற்றியது? கரையைக் காப்பது ஊரார் எல்லாருடைய வேலை, கிழவியும் விலக்கில்லை என்பதைப் பற்றியது. நம் கண்மாயில் குடிமராமத்து என்று வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போனோமே, அதே முறை.

அந்த முறை கைவிட்டுப் போனதால் ஆறு இன்று எப்படி இருக்கிறது? போகிறவர்கள் ஏமாந்து போகக்கூடாது என்பதால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வருஷநாட்டு மலையில் பிறக்கும் வைகைக்கு 1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் வந்து சேர்ந்தது, 1959-இல் அணை வந்தது. பாசனத்துக்கு அதனால் பெரிய நன்மை. மதுரை நகருக்குள் மட்டும் ஆறு பல மாதம் வெறும் மணலாக, புல்லும் ஆகாயத்தாமரையுமாகக் கிடக்கிறது. சாக்கடைத் தண்ணீர் இறங்கும் இடங்களில் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். கரையோரம் சுவர் எழுப்பிச் சாலை போட்டிருக்கிறார்கள். போக்குவரத்துக்கு அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் படித்துறை என்ற பெயரைப் பலகையில் படித்துவிட்டு ஆற்றில் இறங்கப் படியைத் தேடும் பிள்ளைக்கு நாம் எதைக் காட்டுவது? கரையைச் சுவராக்குவதோடு வேலை முடியவில்லை. ஆற்றில் இறங்கும் கழிவை நிறுத்தி, மிஞ்சியிருக்கும் படித்துறைகளையும் மண்டபங்களையும் திறந்து சுத்தம் செய்து, எந்த இடத்தில் யார் இருந்தார்கள், என்ன நடந்தது என்று ஒவ்வோர் இடத்திலும் தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும். இதற்குக் கோடிகள் வேண்டாம். மனம் வேண்டும், மாநகராட்சியைக் கேட்கும் வாய் வேண்டும். கேட்கும் உரிமை மதுரைக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். உங்களுக்கும் உண்டு என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முடிக்கிறேன். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிச் சுற்றுலா என்றால் கொடைக்கானல், கன்னியாகுமரி என்று போகிறோம். ஓர் ஆண்டு, ஒரே ஓர் ஆண்டு, மதுரைக்குப் போங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் ஏ.வி. பாலத்தில் ஆற்றைக் காட்டுங்கள். யானைக்கல், பழைய சொக்கநாதர் கோயில், சேதுபதிப் பள்ளி வாசல், தமிழ்ச் சங்கம், சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் என்று நடந்தே போகலாம். நூலகத்தில் கேட்டு 'அபிதான சிந்தாமணி'யை ஒரு பிள்ளை கையில் கொடுத்து அதன் கனத்தை உணரச் செய்யுங்கள். அதை அச்சிட்டவர் நம் ஊர்க்காரர் என்று அங்கேயே சொல்லுங்கள்.

பெரியவர்களிடம் இன்னொரு வேண்டுகோள். இந்தச் சீமையில் பழைய வீடுகள் இடிபடுகின்றன. பரணில், தகரப் பெட்டியில், தாத்தா காலத்துப் புத்தகக் கட்டு இருந்தால் பழைய பேப்பர் வியாபாரிக்கு எடை போட்டுவிடாதீர்கள். பிரித்துப் பாருங்கள். 'செந்தமிழ்' இதழ்த் தொகுதி இருக்கலாம், சங்கத்துப் பண்டிதத் தேர்வுச் சான்றிதழ் இருக்கலாம், ஒரு பனையோலைச் சுவடியே இருக்கலாம். வைத்துக் காக்க முடிந்தால் காத்து வையுங்கள். முடியாவிட்டால் மதுரைத் தமிழ்ச் சங்கத்து நூலகத்துக்கோ, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது பெயரோடு பாலவனத்தம் என்று ஊரையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.